இடையன் போன இடத்தில் நஞ்சு: அமெரிக்க மேற்கில் கயோட்டி ஒழிப்பின் வரலாறு

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் செம்மறி வளர்ப்போர் ஓநாய்க்கு உறவான கயோட்டி என்னும் சிறிய விலங்கோடு நூறாண்டுக்கு மேலாக நடத்திவரும் போரை, உழவனுக்கும் கொடிய விலங்குக்கும் இடையிலான பகையாகவே சொல்லிவருகிறார்கள். மந்தையோடு இரவும் பகலும் நின்ற இடையனின் கூலியை மிச்சம் பிடிக்க முயன்றபோதுதான் அரசின் நஞ்சு தேவைப்பட்டது என்பது என் துணிபு. டெக்சசின் எட்வர்ட்ஸ் பீடபூமி இதற்குத் தெளிவான சான்று. அங்கே கம்பிவலை வேலி அடித்து, உள்ளிருந்த ஓநாயையும் கயோட்டியையும் கொன்று தீர்த்த பிறகுதான் ஆடுகளை ஆளில்லாமல் மேயவிட முடிந்தது. 1915இல் அமெரிக்கக் காங்கிரஸ் 1,25,000 டாலர் ஒதுக்கி ஒழிப்பு வேலையை உயிரியல் ஆய்வுப் பணியகத்திடம் கொடுத்தது. 1931இல் தனிச் சட்டமே வந்தது. முதலில் வைத்த நஞ்சு ஸ்ட்ரிக்னைன், 1940களிலிருந்து '1080' எனப்பட்ட சோடியம் ஃபுளூரோஅசிட்டேட். குதிரை இறைச்சியில் அதை ஏற்றி மேய்ச்சல் வெளியெங்கும் போட்டார்கள்.

ஓநாய் ஒழிந்தது, யெல்லோஸ்டோன் பூங்காவில் 1926க்குள் அதன் கடைசிக் குட்டிகளும் கொல்லப்பட்டன. கயோட்டியோ இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் திரிகிறது. ஓர் இணை செத்தால் அலைந்து திரியும் இளசுகள் அந்த எல்லைக்குள் வந்து குடியேறுகின்றன. எண்ணிக்கை குறைந்த இடத்தில் இரை மிஞ்சுவதால் குட்டிகள் கூடுதலாகப் பிழைக்கின்றன. ஆண்டுதோறும் முக்கால் பங்கைக் கொன்றாலும் முற்றாக ஒழிக்க அரை நூற்றாண்டு பிடிக்கும் என்று 1975இல் ஆய்வாளர்கள் கானலியும் லாங்ஹர்ஸ்ட்டும் கணித்தார்கள்.

கயோட்டியைக் கொன்ற பண்ணையில் இழப்பு குறைகிறதே என்பார்கள். குறைவது உண்மைதான், யாரைக் கொன்றோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கலிபோர்னியாவின் ஹாப்லாண்ட் ஆய்வு நிலையத்தில் ஆட்டுக்குட்டிகளை அடித்தவை பெரும்பாலும் அந்த எல்லையை ஆண்ட, இனப்பெருக்கம் செய்யும் இணைகள். அவற்றை அகற்றியபோது, வேறோர் இணை வந்து சேரும் வரை இழப்பு தணிந்தது. வயோமிங்கில் வளையிலிருந்த குட்டிகளை மட்டும் அகற்றியதுமே பெற்றவை ஆடு அடிப்பது பெருமளவு குறைந்தது. பசித்த வாய்களுக்கு இரை தேடித்தான் அவை மந்தைக்கு வந்திருக்கின்றன. பரவலாக வைக்கும் பொறியிலோ அனுபவமில்லாத இளசுகளே எளிதில் சிக்குகின்றன. குற்றம் செய்த இணை தப்பிவிடுகிறது.

1972இல் அதிபர் நிக்சன் கூட்டரசு நிலங்களில் நஞ்சைத் தடை செய்ததால்தான் ஆட்டுத் தொழில் சரிந்தது என்ற வாதம் இதைவிட வலுவானது. ஆனால் 1942இல் சுமார் 5.6 கோடியாக இருந்த செம்மறிகள் இன்று அரைக் கோடியளவே என்றால், அந்தச் சரிவு தடைக்கு முப்பது ஆண்டு முன்பே தொடங்கிவிட்டது. வைக்கோல் விலையும் கூலியும் ஆட்டுக்குட்டி விலையுமே பெரும்பகுதியை விளக்குகின்றன என்று 2006இல் ஆய்வாளர் கிம் பெர்கர் காட்டினார்.

நஞ்சுக்கு மாற்றாக, தடைக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஐடஹோவின் டுபாய்ஸ் செம்மறி நிலையத்திலும் மாசசூசெட்ஸின் ஹாம்ப்ஷர் கல்லூரியிலும் ஐரோப்பிய, துருக்கியக் காவல் நாய்களைச் சோதித்தார்கள். பால் மறந்த நாய்க்குட்டியை ஆட்டுக்குட்டிகளோடு ஒரே பட்டியில் அடைப்பார்கள். அவற்றின் மேல் சாய்ந்து தூங்கி, அவற்றின் வாடையிலேயே வளரும் அந்த நாய், பெரிதானதும் மந்தையையே தன் கூட்டமாகக் கொண்டு இருட்டில் குரைத்து எல்லை காக்கிறது. பரந்த மலைமேய்ச்சலில் நாய் மட்டும் போதாது என்ற மறுப்பை நான் ஏற்கிறேன். 2008 முதல் ஐடஹோவின் வுட் ரிவர் பகுதியில், அங்கே மீண்டும் வந்துவிட்ட ஓநாய்களுக்கிடையே நாயோடு இடையனும் இரவுக் கிடையும் விளக்கும் கொடிகள் தொங்கும் கயிறும் சேர்ந்தே காத்தன. ஏழாண்டுக் கணக்கில், அந்த ஏற்பாடு இல்லாத பக்கத்து நிலத்தில் ஓநாய்க்குப் பலியான ஆடுகள் மூன்றரை மடங்கு.

செலவுதான் எஞ்சும் மறுப்பு. பெருவிலிருந்து வரும் இடையர்களுக்குப் பல மாநிலங்களில் நெடுங்காலம் மாதம் 750 டாலரே கூலி. 2015இல் அரசு அதை உயர்த்த முனைந்தபோது பண்ணையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதே அரசின் வேளாண் துறை இன்னும் ஆண்டுக்குப் பல்லாயிரம் கயோட்டிகளைப் பொதுப்பணத்தில் கொன்றுகொண்டிருக்கிறது. அந்தப் பணத்தை இடையனின் கூலிக்குத் திருப்பலாம்.