முதுகுத் தோல்

அண்ணன் எனக்குச் செய்து தந்த பெல்ட் முதலில் ஓர் எருமை. எந்த ஊர் எருமை என்பது யாருக்கும் தெரியாது. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரிகளுக்குத் தோல் எங்கெங்கிருந்தோ லாரியில் வந்து இறங்கும். உரித்த தோல் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும் என்பதால், அதன் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் உப்பைத் தேய்த்து மடித்து அனுப்புவார்கள். டேனரியில் முதல் வேலையே அந்த உப்பைக் கழுவிவிடுவதுதான். பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டதில் அந்தக் கழுவுநீருக்கும் பங்கு உண்டு.

எங்கள் ஊர் கணியம்பாடியிலிருந்து வேலூர் போய், அங்கே இன்னொரு பஸ் மாறி அப்படி ஒரு டேனரிக்கு அண்ணன் வேலைக்குப் போனார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி முடி கழன்ற தோலை வெளியே இழுத்துப் போடுவது அவர் வேலை. ஈரமான எருமைத்தோல் ஆளையே உள்ளே இழுக்கும் கனம். ராத்திரி சோறு பிசையும்போது நகக்கண் எரியும். இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுவார்.

பெரும்பாலான தோல் குரோம் உப்பு கரைத்த டிரம்மில் சுழன்று ஒரே நாளில் வெளிர்நீலமாக வெளிவரும். என் பெல்ட்டின் தோல் அந்த வழியில் வரவில்லை. வாரக்கணக்கில் பட்டைத் தண்ணீரில் கிடந்தது. இந்தப் பக்கத்தில் முன்பு ஆவாரம்பட்டையும் கொன்றைப்பட்டையும் போட்டார்கள். பின்னால் வாட்டில் மரத்தின் பட்டை வந்தது. முடிவில் கடுக்காய்ச் சாறு, புங்க எண்ணெய். குரோம் தோலுக்கும் பட்டைத்தோலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அண்ணன் சொல்லித்தந்தது சுலபமான வழி: மேல்பக்கத்தைப் பார்க்காதே, வெட்டிய ஓரத்தைப் பார். குரோம் தோலின் ஓரத்தில் நீலம் தெரியும். பட்டைத்தோல் உள்ளே வரை பழுப்பு.

1996 ஆகஸ்டில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவர்களே இழப்பை ஈடுகட்ட வேண்டும். சுத்திகரிப்பு வசதி செய்யாத டேனரிகளை மூட வேண்டும். அண்ணன் வேலை பார்த்த சின்ன டேனரி மூடியது, பிறகு திறக்கவில்லை. வீட்டில் எல்லாரும் கோர்ட்டைத் திட்டினோம். அவர் மட்டும், “தண்ணி கெட்டுப்போனது நெசந்தானே” என்றார்.

கணக்கு முடித்தபோது கொஞ்சம் பணமும் ஒரு தோல் துண்டும் கிடைத்தன. வயிற்றுப் பக்கத் தோல் இழுத்தால் நீளும்; பெல்ட்டுக்கு முதுகுத் தோல்தான் ஆகும். அண்ணனுக்குக் கிடைத்தது முதுகு. அதை நீளவாக்கில் அறுத்து, பக்கிள் தைத்து, ஓட்டை போடும் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்தார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். என் இடுப்புக்கு ஓட்டை போட்ட பிறகும் நிறுத்தவில்லை. வரிசையாகப் போட்டுக்கொண்டே போனார். எதற்கு இத்தனை என்றேன். “தோலு வளராதுடா, நீதான் வளருவ.” கடைசி ஓட்டையை மட்டும் தன் இடுப்பில் கட்டிப் பார்த்துப் போட்டார்.

அதன்பின் ஷூ கம்பெனி ஒன்றில் கட்டிங் கற்றுக்கொண்டார். அவர் வெட்டிய தோல் ஷூவாகி ஜெர்மனிக்குப் போனது. நான் ஒவ்வோர் ஓட்டையாகத் தாண்டி வந்தேன். ஒரு விடியற்காலையில் மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டார். அப்போது அவருக்கு நாற்பத்து நான்கு வயது.

எனக்கு இப்போது அந்த வயது தாண்டிவிட்டது. அண்ணனைவிட மூத்தவனாக இருப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. கடைசி ஓட்டையும் பற்றாமல் போனபோது வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவரும் மேல்பக்கத்தைப் பார்க்கவில்லை. ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, “பட்டைத்தோலு, உன் காலத்துக்கும் ஓடும்” என்று ஓர் ஓட்டை போட்டுத் தந்தார். அது வரிசையிலிருந்து கொஞ்சம் விலகி இருக்கிறது. அண்ணன் பார்க்காத என் வயசு அங்கேதான் தொடங்குகிறது.

அண்ணன் மகன் வேலைக்குச் சேர்ந்ததும் பெல்ட்டைக் கேட்டான், அப்பா ஞாபகமாக வைத்துக்கொள்ள. பீரோவில் வைப்பதாக இருந்தால் கிடையாது என்றேன். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். தினமும் கட்டுவதாக இருந்தால் எடுத்துக்கொண்டு போகட்டும். கட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். பக்கிளை மாற்றிக் கொடுக்க வேண்டும். புங்க எண்ணெய் எவ்வளவு தடவுவது என்றும் சொல்லித்தர வேண்டும்.