விமானமும் வாழைத்தோட்டமும்

நீர்வேலியின் செம்மண்ணிலே வாழை வைத்தவர்கள் குலையை மட்டும் நம்பி வாழ்வதில்லை. சந்தையில் குலையின் விலை விழுந்த கிழமையில் இலை கைகொடுக்கிறது. பொத்தி கறிக்கு விலைப்படுகிறது. குட்டிகளை அயலூரவர் நடுகைக்கு வாங்கிச் செல்கின்றனர். எனினும், எத்துணைக் கடன் நெருக்கினும், மனமறியத் தன் தோட்டத்துக் கிழங்கைக் கிண்டி விற்ற கமக்காரனை யாம் கண்டதில்லை. கிழங்கு போனால் அடுத்த ஆண்டு இலையுமில்லை, குலையுமில்லை என்பதை அவன் அறிவான்.

இவ்வறிவு நமது நாட்டின் விமானச் சேவையை ஆண்டவர்களிடம் இருந்ததா? நட்டத்தில் தத்தளிக்கும் விமான நிறுவனம் ரிக்கற்றுக்கு அப்பால் வேறு வழிகளிலும் வருவாய் தேடவேண்டுமென்று அறிஞர் பலர் எழுதுகின்றனர். வருவாய் தேடுவது தவறன்று. அதை எவரிடமிருந்து, எதனை விற்றுத் தேடுவது என்பதே கேள்வி. இக்கேள்விக்கு வரலாறு விடை தருகிறது.

முதலில் ஓர் உண்மையை நினைவிற் கொள்ளல் வேண்டும். இந்தியத் துணைக்கண்டத்து விமானத் தொழிலுக்குக் கடிதமே முதல் வருவாய். 1932ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. ராட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குச் சிறு விமானமொன்றைச் செலுத்தியபோது ஏற்றிச் சென்றவை தபாற் பொதிகளே. அவற்றை நெவில் வின்சன்ற் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றார். 1938இல் அத்தபால் கொழும்புக்கும் நீண்டது. பயணி பின்னர் வந்தவன். அக்காலத்தில் அவனே பக்க வருவாய்! மக்களுக்கு வேண்டிய ஒன்றைச் சுமந்து சென்றே விமானம் தன் வயிற்றைக் கழுவியது என்பது இதன் பொருள்.

இலங்கையின் சொந்த விமானச் சேவையான எயார் சிலோன் 1947 டிசெம்பர் 10ஆம் நாள் தன் முதற் பறப்பை மேற்கொண்டது. போக்குவரத்து அமைச்சராயிருந்த சேர் ஜோன் கொத்தலாவலையின் முயற்சியாற் பிறந்தது அது. டக்கோட்டா விமானம் இரத்மலானையிற் கிளம்பி, காங்கேசன்துறையை அடுத்த பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் பறந்தது. இலண்டனும் சிட்னியும் பின்னர் வந்தவை. யாழ்ப்பாணமும் சென்னையுமே முதல் வழி. இரண்டாம் உலகப் போரிற் பிரித்தானியர் அமைத்த ஓடுதளம், சமாதான காலத்தில் கடலுக்கு இருகரையிலும் வாழ்ந்த மக்களை இணைத்தது.

ஆனால் ஆட்சியாளரின் கண்கள் தொலைதூரத்தையே நோக்கின. 1949இல் அவுஸ்திரேலிய நிறுவனமொன்று நூற்றுக்கு 49 பங்குடன் கூட்டாளியாயிற்று. இலண்டனுக்கும் சிட்னிக்கும் பறப்புகள் தொடங்கின. 1953இல் அக்கூட்டு முறிந்தது. அடுத்து டச்சுக்காரரின் கே.எல்.எம்., பின்னர் பிரித்தானியரின் பீ.ஓ.ஏ.சீ., அதன் பின்னர் பிரெஞ்சுக்காரரின் யூ.ரீ.ஏ. எனக் கூட்டாளிகள் மாறிமாறி வந்தனர். அந்நியரின் விமானம், அந்நியரின் விமானி. பெயர் மட்டும் நம்முடையது. 1978ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் நாள், பலாலியிலிருந்து வந்து பயணிகளை இறக்கிவிட்டு இரத்மலானையில் நின்ற அவ்ரோ விமானம் குண்டுவெடிப்பில் அழிந்தது. அவ்வாண்டுடன் எயார் சிலோனின் கதையும் முடிந்தது.

1979 செப்டெம்பரில் சிங்கப்பூர் நிறுவனத்தின் உதவியோடு எயார் லங்கா பிறந்தது. ஐந்தாண்டுகளுக்குள் மாபெரும் ஜம்போ விமானமும் வந்து சேர்ந்தது. 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்ற பழமொழி ஆகாயத்திற்கும் பொருந்தும் என்பதை எண்ணிப் பார்த்தவர் எவருமிலர். 1998இல் டுபாயின் எமிரேற்ஸ் நிறுவனம் பங்காளியாகிப் பத்தாண்டு முகாமைத்துவத்தை ஏற்றது. 2007 டிசெம்பரில் இலண்டனிலிருந்து திரும்பவிருந்த சனாதிபதியின் பரிவாரத்திற்காக, இருக்கை பெற்றிருந்த பயணிகளை இறக்க நிறுவனம் மறுத்தது. தலைமை நிர்வாகியின் வேலை அனுமதி பறிக்கப்பட்டது. 2008 மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்தது. 2010இல் எமிரேற்ஸின் பங்கை 5 கோடி 30 இலட்சம் டொலர் கொடுத்து அரசு மீட்டது. பின்னர் பேரளவில் எயார்பஸ் விமானங்களுக்கு உடன்பாடு செய்து, அவற்றுட் சிலவற்றை 2016இல் இரத்துச் செய்து, வாராத விமானங்களுக்கு ஈடு செலுத்திய கூத்தும் நிகழ்ந்தது. இலங்கை உட்பட ஐந்து நாடுகளில் இலஞ்சத்தைத் தடுக்கத் தவறியதை எயார்பஸ் நிறுவனம் 2020 ஜனவரியில் பிரித்தானிய நீதிமன்றில் ஒப்புக்கொண்டது.

இத்துணை விரயத்திற்கு நடுவிலும் அந்நிறுவனத்தில் நல்ல வருவாய் ஊற்றுகள் சில இருந்தன. கட்டுநாயக்காவில் இறங்கும் பிறநாட்டு விமானங்களுக்கு உணவு சமைத்துக் கொடுத்தல், அவற்றின் பொதிகளை ஏற்றி இறக்கும் தரைச்சேவை, பழுதுபார்த்தல், பொறியியற் பயிற்சியளித்தல், சரக்கேற்றுதல் என்பன அவை. இவையெல்லாம் தொழிலாளரின் கைவண்மையால் விளைபவை. 2020இல் பெருந்தொற்றால் இருக்கைகள் வெறுமையானபோது பயணிகள் விமானங்களிலேயே சரக்கேற்றிப் பறந்ததும் இவ்வழிப்பட்டதே. தரைச்சேவையின் வருவாய் தனியுரிமையால் வருவதென்று குறைகூறுவோர் உளர். அதில் உண்மையில்லாமலில்லை. தனியுரிமை மந்தத்தை வளர்க்கும். அதனைக் கண்டிப்பான மேற்பார்வையால் திருத்தலாம். ஆனால் 2022இல் ஆட்சியாளர் கண்ட மருந்து வேறு. உணவு வழங்கல், தரைச்சேவை ஆகிய இரண்டிலும் நூற்றுக்கு 49 பங்கை விற்கப் போவதாக அவர்கள் அறிவித்தனர். நட்டம் தரும் பகுதியை மக்கள் தலையில் வைத்துக்கொண்டு இலாபம் தரும் பகுதியை விற்பதா? கமக்காரன் விற்க மறுக்கும் கிழங்கு இதுவே. அம்முயற்சியும், நிறுவனம் முழுவதையும் விற்கும் அடுத்த முயற்சியும் நிறைவேறாமலே 2024இல் ஆட்சி மாறியது. எனினும் அவ்வெண்ணம் மீண்டும் முளைக்காது என்பதற்கு உத்தரவாதம் எதுவுமில்லை.

இவ்வழியின் முடிவை அயல்நாடு காட்டுகிறது. எயார் இந்தியா 2022 ஜனவரி 27ஆம் நாள் ராட்டா குழுமத்திடம் கையளிக்கப்பட்டது. அதன் கடன் ஏறத்தாழ 61,562 கோடி ரூபா. வாங்கியவர் ஏற்றது 15,300 கோடி. எஞ்சிய 46,262 கோடி அரசின் பொறுப்பாயிற்று. அஃதாவது ஒருநாளும் விமானமேறாத உழவனின் பொறுப்பாயிற்று.

வருவாய் தேடும் மற்றொரு வழி பயணியைப் பிழிவது. 2006இல் ஐரோப்பாவின் ரயன்எயார் பொதிக்குத் தனிக் கட்டணம் வைத்தது. 2008இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் முதற் பொதிக்கே 15 டொலர் கேட்டது. பின்னர் இருக்கைத் தெரிவு, தண்ணீர்ப் போத்தல் என ஒவ்வொன்றும் விலைப்பண்டமாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விமான நிலையத்தின் தராசு முன் நம்மூர்த் தாயொருவர் நின்றதைக் கண்டேன். கடல் கடந்த மகனுக்காகக் கட்டிய ஒடியல் மாவும் மோர் மிளகாயும் நிறைக்கு மேற்பட்டுவிட்டன. கேட்ட கட்டணம் அப்பொருளின் விலையைப் போற் பலமடங்கு. அவர் பேசாமற் பொதியை அவிழ்த்து, மாவை வெளியில் எடுத்து வைத்தார். அன்று அந்நிறுவனம் ஈட்டியது ஒன்றுமில்லை. இழந்தது ஒரு தாயின் நல்லெண்ணத்தை. செலவைக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்குவது வேறு. வேறு வழியில்லாதவரின் இயலாமையைக் கணக்கிட்டு வாங்குவது வேறு.

வடபகுதி மக்களுக்கு இவ்வேறுபாட்டைப் பாடஞ்சொல்லித் தரவேண்டியதில்லை. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது வானும் கடலுமே வழியாயின. அந்நாளில் விமான ரிக்கற்று ஆடம்பரமன்று. நோயாளிக்கு உயிர், மாணவனுக்குப் படிப்பு. 2019 ஒக்டோபர் 17ஆம் நாள் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் இந்திய அரசின் அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் வந்தது. இலங்கையின் சொந்த விமானச் சேவை முதற் பறப்பிலேயே இறங்கிய இடத்துக்கு, அந்தச் சென்னை வழியை மீட்டுத் தந்தவை அயல்நாட்டு விமானங்கள்!

பக்க வருவாய் தேடுவோர் இங்கிருந்து சிந்திக்கலாகாதா? குலையும் மீனும் நண்டும் லொறியில் இரவெல்லாம் குலுங்கித் தெற்கே போகின்றன. வழியிற் கெடுவதன் இழப்பை உழவனும் மீனவனும் ஏற்கின்றனர். பலாலியின் ஓடுபாதை குறுகியது. சிறு விமானங்களே இறங்கும். ஆயினும், சிறு விமானத்தின் வயிற்றிலும் விலைமிக்க புதுப்பொருளுக்கு இடமுண்டு. குளிர்க்களஞ்சியமும் நியாயமான சரக்குக் கட்டணமும் கூட்டுறவுச் சங்கங்களோடு நீண்டகால உடன்பாடும் அமையின், நிறுவனத்திற்கும் வருவாய், உற்பத்தியாளனுக்கும் விலை. இதற்காக ஓடுபாதையை நீட்டுவதாயின், 1990இல் வலிகாமம் வடக்கில் வீடுவாசல் இழந்தோரின் காணியை மீண்டும் விழுங்கி அதனைச் செய்தலாகாது. மக்களின் நிலத்தைப் பறித்து ஈட்டும் பணம் வருவாயன்று, கொள்ளை.

அரச விமானச் சேவையின் நட்டம் கொழும்பில் எழுதப்படும் ஒரு கணக்கு மாத்திரமன்று. உரத்தின் விலையிலும் பள்ளிப் பிள்ளையின் கொப்பியின் விலையிலும் அது வரியாக நம் வீட்டுக்குள் நுழைகிறது. ஆதலால், எதை விற்பது, எதை வைத்திருப்பது என்று கேட்கும் உரிமை விமானத்தில் ஏறுபவனுக்கு மட்டுமன்று, தலைக்கு மேலே அது செல்வதை மண்வெட்டியோடு நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கும் உண்டு. இலை விற்கட்டும், பொத்தி விற்கட்டும். கிழங்கில் கைவைக்காதீர் என்று சொல்ல அவனை விடத் தகுதியுடையோர் யார்?