லாரிக்கு ஒரு மெழுகுக் காப்பு

ரொம்ப நாளா ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை. போன மாசம் சனி, ஞாயிறோட ஒரு நாள் சேத்து லீவு போட்டுட்டு முசரவாக்கம் போயிருந்தேன். காஞ்சிபுரம் பக்கம், எங்க அம்மாவோட ஊரு. கையில ஒரு டப்பா மெழுகு. சாமிக்கு ஏத்தற மெழுகு இல்லீங்க, காருக்குத் தேய்க்கற வாக்ஸ். கார் வாங்கி நாலு மாசந்தான் ஆச்சு, இ.எம்.ஐ. இன்னும் அம்பத்தாறு பாக்கி. புது மெழுகை நேரா அதுல தேய்ச்சுப் பாக்க எனக்கு தில் இல்லை. ப்ரொடக்‌ஷன்ல போடறதுக்கு முன்னாடி டெஸ்ட் சர்வர் வேணுமே! மாமா வீட்டு வாசல்ல நின்ன லாரிதான் டெஸ்ட் சர்வர்.

சின்ன மாமாவும் அந்த லாரிய விக்கறதா இருந்தாரு. ஞாயித்துக்கிழமை பார்ட்டி வண்டி பாக்க வர்றாங்க. "கதவு ரெண்டயும் பளபளன்னு ஆக்கித் தரேன் மாமா"ன்னேன். "ஏதோ பண்ணு மாப்ள, ஆனா கதவு கழண்டு வராம பாத்துக்கோ"ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

அங்க என்ன நடந்துச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி, இந்த மெழுகோட பூர்வீகத்தை ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்துடலாம். கம்பெனி செலவுல கூகுள் பண்ணி, நாலு புத்தகமும் பொரட்டிப் பாத்தது. வீணாகக் கூடாது பாருங்க.

காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு மேல்பூச்சு புது விஷயம் இல்லை. ஏகாம்பரநாதர் கோயில்ல மூலவர் மணல் லிங்கம். பஞ்சபூதத்துல மண்ணு. அதனால லிங்கத்து மேல தண்ணி ஊத்தி அபிஷேகம் கிடையாது, ஆவுடையாருக்குத்தான். லிங்கத்துக்கு புனுகு சாத்தறதுதான் வழக்கம். ஸ்ரீரங்கத்துப் பெருமாள் சுதையால ஆனவர், அவருக்குத் தைலக்காப்பு. அடியில இருக்கறது கரையக் கூடாது, காயக் கூடாது, ஆனா பாக்க அழகாவும் இருக்கணும். கார் வாக்ஸ் டப்பால பெரிய எழுத்துல போட்டிருக்கறதும் கிட்டத்தட்ட இதேதான். நம்ம ஸ்தபதிகள் மெழுகுல இன்னும் ஒரு படி மேல போனவங்க. தேன்மெழுகோட குங்கிலியம் கலந்து சிலை பிடிச்சு, மேல களிமண் பூசி, சூடு பண்ணி மெழுகை உருக்கி வெளிய விட்டுட்டு அந்த இடத்துல பஞ்சலோகம் ஊத்துவாங்க. சோழர் காலத்து நடராஜர் எல்லாம் முதல்ல மெழுகா இருந்தவர்தான்.

ஆனா தேன்மெழுகு வண்டிக்கு ஒத்து வராது. 62, 64 டிகிரில உருகிடும். சித்திரை மாசம் மத்தியானம் ஒரு லாரி பேனட் மேல கைய வச்சுப் பாருங்க, ஏன்னு புரியும். அதுக்கு முன்னாடியே இளகிப் போய், ஹைவேல பறக்கற தூசி மொத்தத்தையும் இழுத்து ஒட்டிக்கும். என் டப்பால இருந்தது கார்னோபா. 82லருந்து 86 டிகிரி வரைக்கும் தாக்குப் பிடிக்கும். இது பிரேசில்ல வடகிழக்குப் பக்கம், சியாரா, பியாவி மாதிரி மாநிலங்கள்ல வளர்ற ஒரு பனை. நம்ம பனைமரத்துக்குத் தூரத்துச் சொந்தம், ஓலை கூட அதே மாதிரி விசிறி விசிறியா இருக்கும். அங்க மழை கம்மி. தண்ணி ஆவியாகிப் போகாம இருக்க அந்த மரம் ஓலை மேல தானே ஒரு மெழுகு பூசிக்குது. ஓலைய வெட்டி, வெயில்ல காயப் போட்டு, அடிச்சா பொடியா உதிரும். அதை உருக்கி எடுத்தா கட்டி மெழுகு. மரத்துக்கு வெயில் காப்பு, காருக்கும் வெயில் காப்பு. சில மிட்டாய் பளபளன்னு இருக்கறதுக்கும் இதுதான் காரணம், உணவுல சேத்தா ஈ903ன்னு பேரு.

இந்த மெழுகுக்காகவே ஒருத்தர் ப்ளேன் எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு. அமெரிக்கால விஸ்கான்சின்ல இருக்கற எஸ்.சி. ஜான்சன் கம்பெனி 1886ல மரத்தரை போட்டுக் குடுக்கற வேலையா ஆரம்பிச்சது. தரை போட்டவங்க எல்லாம் "இதை எப்படிங்க பராமரிக்கறது"ன்னு கேக்க, மெழுகு செஞ்சு விக்க ஆரம்பிச்சு, கடைசில மெழுகே தொழிலாயிடுச்சு. மூணாவது தலைமுறை ஜான்சன் 1935ல, தண்ணிலயும் தரைலயும் இறங்கற சிக்கோர்ஸ்கி விமானத்துல ரசீன் ஊருலருந்து பிரேசில் ஃபோர்டலேசா வரைக்கும் போனாரு. இந்தப் பனை தொடர்ந்து கிடைக்குமான்னு நேர்ல பாக்கணுமாம். அவர் பையன் சாம் ஜான்சன் 1998ல அதே மாதிரி ஒரு ப்ளேன் செய்ய வச்சு, தன் பசங்களோட அதே ரூட்ல திரும்பப் போனாரு. அப்பா போன வழில போய்ப் பாக்கணும்னு அவருக்கு ஆசை. (எங்கப்பா போன வழில நான் போறதுன்னா 76சி புடிச்சா போதும்.)

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, அதை விட்டுட்டா நல்லா இருக்காது. அந்த ஓலை வெட்டறவங்களை கொத்தடிமை மாதிரி வச்சு வேலை வாங்கின தோட்டங்கள்லருந்து பிரேசில் தொழிலாளர் ஆய்வாளர்கள் ஆட்களை மீட்டிருக்காங்க. 2017ல ஜெர்மன் டிவில ஒரு ஆவணப்படம் வந்து பெரிய சர்ச்சை ஆச்சு. என் டப்பால கார்னோபான்னு மட்டும் கொட்டை எழுத்துல போட்டிருக்கே தவிர, எந்தத் தோட்டம்னு ஒரு வரி கூட இல்லை.

சரி, பெயிண்ட்டுக்கு வருவோம். ஏன்னா மெழுகோட கதைல பாதி பெயிண்ட்டோட கதைதான்.

மோட்டார் வண்டி வந்த புதுசுல குதிரை வண்டிக்கு அடிக்கற மாதிரியே எண்ணெய் வார்னிஷைத்தான் பிரஷ்ஷால அடிச்சாங்க. கோட்டு மேல கோட்டு, ஒவ்வொண்ணும் காயணும், வாரக்கணக்குல ஆகும். 1914லருந்து 1925 வரைக்கும் ஃபோர்டு மாடல் டி கறுப்புல மட்டுந்தான் வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அந்தக் கறுப்பு நிலக்கீல் கலந்த எனாமல், அடுப்புல வச்சு சுட்டு எடுப்பாங்க. மலிவு, கெட்டி.

இதை உடைச்சது ஒரு வெடிமருந்து கம்பெனி! முதல் உலகப் போர்ல துப்பாக்கி மருந்து வித்து சம்பாரிச்ச டூபான்ட், சண்டை முடிஞ்சதும் கையில நைட்ரோசெல்லுலோஸ் தொழிற்சாலைய வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு முழிச்சுது. பஞ்சை அமிலத்துல ஊற வச்சா ஒரு பக்கம் வெடிமருந்து, கொஞ்சம் மாத்திப் பண்ணினா இன்னொரு பக்கம் லாக்கர் பெயிண்ட். ஜெனரல் மோட்டார்ஸ்ல டூபான்ட்டுக்குப் பெரிய பங்கும் இருந்துச்சு. 1923ல ஓக்லேண்டுன்னு ஒரு காருக்கு நீலக் கலர்ல இந்த 'டியூகோ' பெயிண்ட்டை அடிச்சு விட்டாங்க. ஸ்ப்ரே பண்ணினா மணிக்கணக்குல காஞ்சிடும். வாரக்கணக்கு வேலை நாள் கணக்குக்கு வந்துடுச்சு, கலரும் இஷ்டத்துக்கு. இன்னிக்கும் நம்ம ஊர் ஆசாரிங்க வார்ட்ரோபுக்கு "டூகோ அடிச்சுடலாமா சார்"னு கேக்கறாங்களே, அந்தப் பேரு அங்கருந்து வந்ததுதான்.

என்ன பிரச்சனைன்னா, இந்த லாக்கர் வெயில்ல சீக்கிரம் மங்கிடும். வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர் பெயிண்ட்டுல இருக்கற பிசினை அரிக்குது. பிசின் போனா நிறமிப் பொடி பிடிமானம் இல்லாம மேலேயே நிக்கும், கை வச்சா சாக்பீஸ் மாதிரி ஒட்டும். அதைத் தேய்ச்சு எடுக்க ஒரு பாலிஷ், அதுக்கு மேல காப்புக்கு ஒரு மெழுகு. சிகாகோல ஜார்ஜ் சைமன்ஸ் ஆரம்பிச்ச 'சைமனைஸ்' இங்கிலீஷ்ல ஒரு வினைச்சொல்லாவே ஆயிடுச்சு, நாம ஜெராக்ஸ் எடுக்கற மாதிரி. அப்புறம் அதே சிகாகோல 1940கள்ல டர்ட்டில் வாக்ஸ். இதெல்லாம் நடக்கறப்போ லாக்கருக்குப் பக்கத்துலயே ஆல்கைட் எனாமல்னு இன்னொண்ணு வளர்ந்துச்சு. எண்ணெயையும் செயற்கைப் பிசினையும் சேத்துச் செய்யறது, காய லேட்டாகும், ஆனா மலிவு. 1980கள்ல கார்ல நிறத்துக்கு மேல நிறமே இல்லாத ஒரு கண்ணாடிப் பூச்சு அடிக்கறது பரவலாச்சு. இன்னிக்கு நாம காரைத் தேய்ச்சா துணில கலர் வராததுக்கு அதுதான் காரணம். நாம தேய்க்கறது கலரையே இல்லை, அந்தக் கண்ணாடிய.

எங்க மாமா லாரில அந்தக் கண்ணாடி கிடையாது.

நம்ம ஊர் லாரிங்க கதையே வேற. 1948ல ஆரம்பிச்ச அசோக் மோட்டார்ஸ் எண்ணூர்ல முதல்ல ஆஸ்டின் கார்தான் பூட்டினாங்க. பிரிட்டன் லேலண்டோட சேந்து 1955ல அசோக் லேலண்ட் ஆச்சு. அந்தப் பக்கம் டாட்டா 1954லருந்து பென்ஸ் லாரி. ஃபேக்டரிலருந்து வந்தது பெரும்பாலும் சேஸும் முன்னாடி மூஞ்சியும் மட்டுந்தான். கேபின், மரச்சட்டம், பலகை எல்லாம் நாமக்கல், சங்ககிரி பக்கம் பாடி கட்டற பட்டறைல. பெயிண்ட்டும் அங்கதான், சிந்தெடிக் எனாமல். அதுக்கப்புறம் எஃப்.சி.க்கு விடறப்பல்லாம் டிங்கரிங் பாத்து, பழைய பெயிண்ட் மேலேயே உப்புத்தாள் போட்டு ஒரு கோட்டு. பத்து வருஷ லாரின்னா பத்து கோட்டு இருக்கும், தோண்டினா கீழடிதான்.

கலருக்கும் ஒரு சட்டம் இருந்துச்சு. நேஷனல் பர்மிட் திட்டம் 1975ல வந்தது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல, அந்த பர்மிட் லாரி காஞ்ச இலை பிரவுன் கலர்ல, தடிமனா வெள்ளை பார்டரோட இருக்கணும்னு எழுதியிருந்தாங்க. காஞ்ச இலை! அரசாங்க விதிக்குள்ள ஒரு கவிஞர் ஒளிஞ்சிருந்திருக்காரு. சாதாரண லாரிக்கு 12 வருஷத்துக்கு மேல நேஷனல் பர்மிட் கிடையாது. அதனால பல லாரிங்க பாதி ஆயுசு பிரவுனாவும், மீதி ஆயுசு ஓனர் இஷ்டப்பட்ட கலர்லயும் ஓடுச்சு.

மாமா லாரியும் அப்படித்தான். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2004ல பெரிய மாமாவும் சின்ன மாமாவும் சேந்து சேஸ் எடுத்தாங்க. வெறும் சேஸ் மேல மரப்பெட்டிய சீட்டா போட்டு, தலைல துண்டு கட்டிக்கிட்டு சின்ன மாமா பாடி கட்ட ஓட்டிக்கிட்டுப் போனதைப் பாக்க ஊரே நின்னுச்சு. திரும்பி வர்றப்போ பிரவுன் கலர், வெள்ளை பார்டர், கதவுல மஞ்சள் எழுத்துல ரெண்டு பேர் பேரும். 2011ல பாகம் பிரிச்சாங்க. ஏன், எதுக்குன்னு எல்லாம் இங்க வேணாம். லாரி சின்ன மாமாவுக்கு, நிலம் பெரிய மாமாவுக்கு. அடுத்த எஃப்.சி.ல ஒரு பேரு காணாமப் போச்சு. 2016ல பர்மிட் முடிஞ்சதும் வண்டி மொத்தமும் நீலம். ரெண்டு பேரும் பேசிக்கறது கல்யாணம், சாவுன்னா மட்டுந்தான்.

சனிக்கிழமை காலைல கதவைக் கழுவி, காய விட்டு, காஞ்சிபுரம் பெயிண்ட் கடைல வாங்கின ரப்பிங் காம்பவுண்ட்டைத் தேய்ச்சேன். மெழுகு அரிக்காது, அதுக்கு முன்னாடி செத்த பெயிண்ட்டை எடுக்கறது இந்தக் காம்பவுண்ட்தான். துணி பூரா நீலம். டீக்கடைலருந்து வந்த மாமா பாத்துட்டு, "இன்னாடா, பெயிண்ட்டையே சொரண்டிட்டியா?"ன்னாரு. இல்ல மாமா, இது ஆக்சிடேஷன், மேல இருக்கற செத்த தோல்னு ஒரு லெக்சர் குடுத்தேன். தேய்ச்ச இடம் நிஜமாவே பளிச்சுனு வந்துச்சு. அந்த ஜோர்ல இன்னும் அழுத்தினேன்.

அங்கதான் பல்பு. பிரஷ்ஷால எழுதின எழுத்து, சுத்தி இருக்கற இடத்தை விட ஒரு மயிரிழை தூக்கலா நிக்கும். மேல எத்தனை கோட்டு அடிச்சாலும் அந்த மேடு அப்படியே மேல வந்துக்கிட்டே இருக்கும். தேய்க்கறப்போ முதல்ல தேயறதும் அந்த மேடுதான். நீலம் போயி, ஒரு பிரவுன் கீத்து. அப்புறம் மஞ்சள். துணிய எடுத்துட்டுப் பாத்தா, பெரிய மாமா பேரோட கடைசி ரெண்டு எழுத்து. வளைவும் சுழியுமா, கைதேர்ந்த பெயிண்டர் எழுத்து.

மாமா கிட்ட வந்து குனிஞ்சு பாத்தாரு. விரலால அந்தச் சுழி மேல ஒரு தடவை தடவினாரு. திட்டுவாருன்னு நெனச்சேன். "அந்தக் கதவுல போதும் மாப்ள, இத்தோட வுட்டுடு"ன்னாரு. உள்ள போயி டச்சப்புக்கு வச்சிருந்த நீலப் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்துட்டு வந்து படிக்கட்டுல வச்சாரு. அப்புறம் அது அங்கேயே இருந்துச்சு. ராத்திரி மூடிய கூட திறக்கலை. நான் அந்த ரெண்டு எழுத்தையும் விட்டுட்டு, சுத்தி மெழுகு போட்டேன். மெல்லிசா, வட்டம் வட்டமா, மங்கலானதும் வேற துணியால துடைச்சு. முடிஞ்சப்புறம் பாத்தா எழுத்து இருக்கற இடம் மட்டும் மெழுகில்லாம வறண்டு நின்னுச்சு. மனசு கேக்கலை, அதுக்கும் ஒரு கோட்டு போட்டுட்டேன்.

ஞாயித்துக்கிழமை பார்ட்டி வந்தாங்க. டயரைத் தட்டினாங்க, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் புகை பாத்தாங்க. பளபளப்பை ஒருத்தரும் கண்டுக்கலை (நாலு மணி நேர உழைப்பு மக்களே!). கூட வந்த பையன் மட்டும் கதவைப் பாத்துட்டு, "இது யார் பேருங்க?"ன்னு கேட்டான்.

"பழைய ஓனர்"னாரு மாமா.

விலை படியலை, திரும்ப வர்றோம்னு போயிட்டாங்க. அன்னிக்கு சாயங்காலம் மழை. கார்னோபா போட்ட இடத்துல தண்ணி முத்து முத்தா நின்னு உருண்டு ஓடுச்சு, அடுத்த கதவுல தட்டையா வழிஞ்சுது. மாமா திண்ணைல உக்காந்து அதையே பாத்துக்கிட்டிருந்தாரு. "எவ்ளோ நாளைக்குடா நிக்கும் இது?"ன்னாரு. ரெண்டு மாசம் நின்னா அதிகம் மாமான்னேன்.

டப்பால முக்கால்வாசி மெழுகு மிச்சம் இருக்கு. என் கார்ல இன்னும் போடலை.