கேலியே பேராகிப் போன மேளம்



நெல்லுக்கு மேலுரம் எப்போ, வாழைக்கு முட்டு எப்போ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் உங்களுக்கும் சலிப்பு, எனக்கும் சலிப்பு. அறுவடை முடிஞ்சு ஊர்ப் பொதுவில் சாமி கும்பிடப் பேசும்போது, வரி எவ்வளவு என்பதற்கு அடுத்த கேள்வி என்ன? "மேளம் யாருக்குச் சொல்றது?" என்பதுதானே. ஆகவே இன்றைக்கு உரத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஆனையூர், அலங்காநல்லூர், பாலமேடு பக்கமெல்லாம் நாம் கேட்டு வளர்ந்த நையாண்டி மேளத்தின் கதையைப் பேசுவோம்.

நையாண்டி என்றால் கேலி. எந்த மனுசனாவது தன் தொழிலுக்குத் தானே கேலி என்று பேர் வைப்பானா? கோயிலில் சாமி முன்னால் வாசிப்பது பெரிய மேளம். சதிர் ஆட்டத்துக்குப் பக்கமேளமாக இருந்தது சின்ன மேளம். இந்த இரண்டிலும் சேராமல் கரகத்துக்கும் காவடிக்கும் பொய்க்கால் குதிரைக்கும் தெருவில் நின்று வாசித்தவர்களுக்கு மிஞ்சியது இந்தப் பேர்தான். ஊர் வைக்கிற பேருக்கு அப்படி ஒரு பிடி உண்டு. 1966-ல் தஞ்சைப் பக்கம் ஆடுதுறை 27 என்ற நெல் வந்தது. திருச்சி வானொலியில் அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லிப் பரவியதால் சனங்கள் அதை 'ரேடியோ நெல்' என்றார்கள். எங்கள் துறை வைத்த எண் ரசீதில் மட்டும் இருந்தது! மேளத்துக்கும் அப்படித்தான். வைத்தவன் கேலிக்கு வைத்தான். வாங்கிக்கொண்டவர்கள் அதையே மூலதனமாக்கிவிட்டார்கள்.

ஒரு முழுச் செட்டு என்றால் இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு உறுமி அல்லது தமுக்கு, தாளம். உறுமியை மட்டும் அடிப்பதோடு விடமாட்டார்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்ப்பார்கள். கோபம் வந்த காளை மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். பிள்ளைகள் அம்மா முந்தானைக்குள் ஓடுவது அந்தச் சத்தத்துக்குத்தான்.

இங்கே கொஞ்சம் விஞ்ஞானம் சொல்ல அனுமதி கொடுங்கள். குழல் குட்டையானால் சுருதி ஏறும், நீண்டால் இறங்கும். பழைய நாயனம் குட்டை. அதற்குத் திமிரி என்று பேர். பேரிலேயே குணம் தெரிகிறது பாருங்கள். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்தில், நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆச்சாரி நீளமான பாரி நாயனத்தைச் சுருதி சுத்தமாகச் செய்து கொடுத்தார். கச்சேரிக்காரர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். நரசிங்கம்பேட்டை நாயனத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற ஆச்சா மரத்தில் கடைகிறார்கள் அதை. ஆனால் நம்ம பக்கத்து நையாண்டிக்காரர்கள் பலர் திமிரியை விடவில்லை. காரணம் எளிது. கண்மாய்க் கரையில் வாசித்தால் அடுத்த ஊர்க் களத்துமேட்டில் கேட்க வேண்டும். உறுமியும் பம்பையும் இரண்டு தவிலும் சேர்ந்து அதிரும்போது, அவற்றுக்கு மேலே ஏறி நிற்க மெல்லிய குரல் உதவாது.

தவிலைப் பாருங்கள், பாதி நம் தோட்டத்துச் சாமான். கொட்டு பலா மரம். ஒரு பக்கம் எருமைத் தோல், மறு பக்கம் ஆட்டுத் தோல். அடிக்கிற குச்சி பூவரசு. விரலில் மாட்டுகிற கூடு கெட்டிப்படுத்திய அரிசி மாவு. காளைக்கும் ஆடு மாட்டுக்கும் கொடுக்கிற மரியாதையை அதைத் தூக்கிச் சுமந்து ஆடுகிறவருக்கும் நாம் எப்போதும் கொடுத்தோமா என்றால், இல்லை. வீட்டு வாசலுக்கு வெளியே இலை போட்ட காலம் ஒன்று இருந்தது. அதற்குப் பதிலை அவர்கள் வாயால் சொல்லவில்லை, நாயனத்தால் சொன்னார்கள். ஒரு நாயனம் ஏதோ கேட்கிற மாதிரி இழுக்கும். மற்றது "ம்ஹூம்" என்கிற மாதிரி முனகும். தவில் இரண்டும் அடித்துச் சிரிக்கும். முறைப்பு முகத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனுசருக்குத் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று சந்தேகம். ஆனால் எழுந்து கேட்க முடியாது. ஒரு வார்த்தைகூடப் பேசாதவனை என்னவென்று கேட்பது?

சினிமாவும் இவர்களை விடவில்லை. 1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பா'ளில் சிவாஜி கணேசன் சிக்கல் சண்முகசுந்தரமாக, சோழநாட்டு வித்துவானாக வந்தார். அந்த நாயனத்துக்குள் போன மூச்சு மதுரை மூச்சு! வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அவர்கள் கச்சேரி வழி வித்துவான்கள், நையாண்டிக்காரர்கள் அல்ல. நம்ம தெருப் பக்கத்து ஆளாக அதில் வந்தது மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணிதான். 1989-ல் கங்கை அமரன் எடுத்த 'கரகாட்டக்காரன்' வந்தபோதுதான் நையாண்டி மேளமே கதைக்குள் வந்து உட்கார்ந்தது. தவிலோடு கவுண்டமணி, நாயனத்தோடு செந்தில். மதுரையில் ஒரு வருசத்துக்கு மேல் ஓடியது. அதற்கப்புறம் எந்த ஊருக்கு மேளம் போனாலும் வாழைப்பழத்தைக் காட்டிக் கேலி செய்யாத பிள்ளைகள் இல்லை. கேலி செய்கிற மேளத்தையே கேலி செய்த படம் அது. மேளக்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, அந்தப் படத்துப் பாட்டையே வாசித்து மாலை வாங்கிக்கொண்டார்கள்.

ஒலிபெருக்கி வந்தபோதும், பேண்டு செட்டு வந்தபோதும், கேரளத்துச் செண்டை வந்தபோதும் "இனி அவ்வளவுதான்" என்றார்கள். ஒவ்வொன்றிடமும் ஒரு மெட்டையோ ஒரு அடியையோ பிடுங்கிக்கொண்டு மேளம் நடந்துகொண்டேதான் இருந்தது. உண்மையான அடி 2020-ல் விழுந்தது. கொரோனாவால் அந்த வருசமும் அடுத்த வருசமும் அழகர் வைகையில் இறங்கவில்லை. சித்திரையில் தொடங்கி ஆடி வரைக்கும் சம்பாதித்து வருசம் முழுக்கச் சாப்பிடுகிற குடும்பங்களுக்கு இரண்டு போகமும் சாவி! கூலி வேலை, கொத்து வேலை என்று போனார்கள். 2022-ல் அழகர் ஆற்றில் இறங்கினார். மேளமும் திரும்ப வந்தது. ஆனால் போனவர்கள் எல்லாரும் திரும்பவில்லை.

இனி உங்கள் ஊர்ப் பொதுவுக்கு வருவோம். பேரம் பேசும்போது "ஆளைக் குறைச்சுக்குங்க" என்பதுதான் நம்ம வழக்கம். முதலில் பம்பையைக் கழிப்போம், பிறகு இரண்டாவது நாயனத்தை. ஒரு நாயனத்தோடு வாசித்தால் என்ன ஆகும் தெரியுமா? ஒருவர் மூச்சு வாங்கும்போது பாட்டை ஏந்திக்கொள்ள ஆள் இல்லை. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய ஊதுகிற மனுசருக்கு நெஞ்சு என்ன இரும்பா? அதுபோக, கேள்வி கேட்க ஒரு நாயனம், பதில் சொல்ல ஒரு நாயனம் வேண்டும். தனக்குத்தானே கேட்டுத் தனக்குத்தானே பதில் சொன்னால் அதை நம்ம ஊரில் வேறு பேர் சொல்லி அழைப்பார்கள். முன்பணம் கொடுக்கும்போதே நாயனம் இரண்டு என்று எழுதி வாங்கிவிடுங்கள்.