பணிநீக்கம்: சட்டம் வளர்ந்த கதை

"நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம்." முதலாளி இப்படி ஒரு வார்த்தை சொன்னால் வேலை போய்விடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அது எப்படி மாறியது என்று பார்ப்போம்.

வெள்ளையர் காலம்

1859ல் வந்த ஒரு சட்டம் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்காகவே முதலில் இயற்றப்பட்டது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராமல், மாஜிஸ்டிரேட் உத்தரவையும் மீறினால் மூன்று மாதம் வரை சிறை. ஆனால் முதலாளி தொழிலாளியை அனுப்ப நினைத்தால் ஒப்பந்தப்படி நோட்டீஸ் கொடுத்தால் போதும். அதையும் மீறினால் நஷ்டஈடு கேட்கலாம், அவ்வளவுதான். வேலை திரும்பக் கிடைக்காது. இந்த ஒருதலைச் சட்டத்தை நீக்க 1925 வரை ஆனது.

விதிகள் வந்தன

1946ல் நிலையாணைகள் சட்டம் வந்தது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் எது ஒழுங்கீனம், அதற்கு என்ன தண்டனை என்று எழுதி வைக்க வேண்டும். அடுத்து 1947ல் தொழில் தகராறுகள் சட்டம். நீக்கப்பட்டவரை மீண்டும் வேலையில் சேர்க்கத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்று 1949ல் பெடரல் கோர்ட் சொன்னது பெரிய திருப்பம்.

1953ல் ஆட்குறைப்புக்குக் கணக்கு வந்தது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். பொதுவாகக் கடைசியில் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும்.

1971ல் சேர்ந்த 11ஏ பிரிவு இன்னும் முக்கியமானது. தவறு நிரூபணமானாலும் தண்டனை அதிகம் என்று தோன்றினால் தீர்ப்பாயம் அதைக் குறைக்கலாம்.

1993 தீர்ப்பு

எட்டு நாளுக்கு மேல் அனுமதியின்றி வராவிட்டால் வேலை தானாகப் போய்விடும் என்று ஒரு நிறுவனத்தின் நிலையாணை சொன்னது. "நான் வந்தேன், கேட்டிலேயே தடுத்துவிட்டார்கள்" என்பது தொழிலாளியின் வாதம். ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் வழக்கு என்று இதைச் சொல்வார்கள். அவர் தரப்பைக் கேட்காமல் நீக்கியது தவறு என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. வேலையோடு வாழ்க்கையும் போகிறது, எனவே விதி இருந்தாலும் விசாரணை வேண்டும் என்பதே இதன் சாரம். பாதிச் சம்பள பாக்கியோடு அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

இன்று

1976ல் 300 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைகளில் ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி கட்டாயமானது. 1982 திருத்தம் அதை 100 ஆக்கியது. 2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் அது மீண்டும் 300. நிலையாணைகளுக்கும் இப்போது 300 பேர் வேண்டும். ஒரு மாத நோட்டீஸும் 15 நாள் கணக்கும் அப்படியே தொடர்கின்றன.

தொழில் நடத்துபவருக்கு ஆட்களைக் குறைக்கும் சுதந்திரம் வேண்டும் என்பதை வணிகவியல் மாணவனாக நான் மறுக்கவில்லை. ஆனால் சிறிய ஆலையில்தான் முதலாளியின் கோபம் நேராகத் தொழிலாளி மேல் விழும். எழுதிய விதிகள் அங்கேதான் அதிகம் தேவை. காரணத்தை எழுத்தில் கொடுப்பது, பதில் சொல்ல விடுவது, பாக்கியைத் தீர்ப்பது. இந்த மூன்றுக்கும் பெரிய செலவு ஆகாது. இவற்றைச் செய்யாத முதலாளிதான் பிறகு கோர்ட்டில் ஆண்டுக்கணக்கில் செலவு செய்கிறார்.