'பாலின்மை': ஒரு நுண்ணுயிரிப் பெயரின் வரலாறு

1887இல் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் எட்மண்ட் நொக்கார், மொல்லெரோவுடன் இணைந்து, கறவை மாடுகளின் மடிவீக்க நோய் தொற்றும் தன்மையது என எழுதினார். சங்கிலிபோல் கோத்து நிற்கும் கோள வடிவ நுண்ணுயிரியே அதற்குக் காரணம். நோயுற்ற மடியைத் தொட்ட கை, அடுத்த மாட்டுக்கும் நோயைக் கொண்டு சென்றது. பால் வற்றுவதே பண்ணையாரின் துயரம். 1896இல் லேமனும் நொய்மனும் அந்நுண்ணுயிரிக்கு இட்ட பெயரிலும் அத்துயரமே பதிந்தது: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே. கிரேக்க வேரின்படி 'பாலின்மை' என்பது அதன் பொருள்.

1933இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்களை வகைப்படுத்தியபோது, இது 'பி' பிரிவில் அமைந்தது. அப்போதும் இது மாட்டு நோயின் காரணியாகவே பெரிதும் அறியப்பட்டிருந்தது. 1938இல் ஃபிரை என்பவர், மகப்பேற்றுக்குப் பின் இத்தொற்றால் இறந்த 3 பெண்களைப் பற்றி எழுதினார். 1970களில் அமெரிக்காவில் பச்சிளங்குழந்தைகளின் குருதித்தொற்றுக்கு இதுவே முதன்மைக் காரணமாயிற்று.

இதற்கிடையே பென்சிலினும், கறந்தபின் காம்புகளைக் கிருமிநாசினியில் நனைக்கும் வழக்கமும் பிரித்தானியப் பண்ணைகளில் இதனைப் பெரிதும் ஒடுக்கின. அங்கு முன்னுக்கு வந்தவற்றுள் ஒன்று, 'மடி' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் பெயர்பெற்ற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் யூபெரிஸ்.

மாட்டுக் கொட்டிலில் பிறந்த பெயர், இன்று கருவுற்ற தாயின் சோதனை அறிக்கையில் இடம்பெறுகிறது. பெயரைக் கொண்டு நோயின் எல்லையை அளப்பவர்களுக்கு இவ்வரலாறு ஓர் எச்சரிக்கை.