கோர்ட் சீன்ல யார் எப்படிப் பேசுறாங்க? கண்ணகி முதல் '12 ஆங்ரி மென்' வரை, வசனம் காட்டிக் கொடுக்கும் மனிதர்கள்!

படத்தில் கோர்ட் சீன் வந்தால் தியேட்டரே நிமிர்ந்து உட்காரும். சண்டை இருக்காது, பாட்டு இருக்காது. ஒரு அறைக்குள் சிலர் பேசிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனாலும் கைதட்டல் காதைப் பிளக்கும்.

ஏன் அப்படி? அங்கே ஒருவரின் உயிரோ மானமோ பணயமாக இருக்கிறது. அந்த நெருக்கடியில் வாயிலிருந்து வரும் வார்த்தை, பேசுபவர் எப்படிப்பட்டவர் என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இலக்கியம், தத்துவம், சினிமா என மூன்றிலுமே இந்த வித்தை நடக்கிறது. நான்கு வழக்குகளை வைத்து அதைப் பார்க்கலாம்.

முதல்ல, வசனத்துக்கு என்ன வேலை?

மூன்று வேலை. கதையை நகர்த்துவது, ஆளைக் காட்டுவது, இரண்டு கருத்துகளை மோத விடுவது. "அவன் கோபக்காரன்" என்று கதாசிரியர் எழுதினால் அது தகவல். சாதாரணக் கேள்விக்கே அவன் எரிந்து விழுந்தால், வாசகரே அவனை எடைபோட்டு விடுவார். நல்ல வசனம் இந்த இரண்டாவது வழியில்தான் போகும்.

வழக்கு 1: மதுரை அரண்மனை

சிலப்பதிகாரத்தில் பாண்டிய மன்னன் இரண்டு முறை பேசுவதை ஒப்பிட்டுப் பாருங்க.

முதல் முறை, பொற்கொல்லன் வந்து கோவலனைத் திருடன் என்கிறான். ஊடலில் இருக்கும் அரசியைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருக்கிறான் மன்னன். சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்றுவிட்டு எடுத்து வாருங்கள் என்று காவலர்களுக்கு உத்தரவு போடுகிறான். கோவலனை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோவலனின் தோற்றத்தைப் பார்த்த காவலர்களே, இவன் திருடன் போலத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் பேசியே அந்தத் தயக்கத்தைக் கலைத்துவிடுகிறான். கோவலன் வெட்டப்படுகிறான்.

இரண்டாம் முறை, ஒற்றைச் சிலம்போடு கண்ணகி வந்து நிற்கிறாள். நீ யார் என்று மன்னன் கேட்கிறான். அவள் உடனே தன் பெயரைச் சொல்லவில்லை. புறாவுக்காகத் தன் தசையை அறுத்துக் கொடுத்தவனும், பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட புகார் நகரம் என் ஊர் என்று தொடங்குகிறாள். அறிமுகமே குற்றச்சாட்டு! அரச நீதி என்றால் என்ன என்பதை எதிரில் இருக்கும் அரசனுக்கே அளவுகோலாக நீட்டிவிடுகிறாள்.

திருடனைக் கொல்வது அரசின் கடமைதானே என்கிறான் மன்னன். என் சிலம்பில் இருப்பவை மாணிக்கம் என்கிறாள் அவள். இங்கேதான் அவன் குணம் தெரிகிறது. மழுப்பவில்லை, மிரட்டவில்லை. அவள் சொன்னது நியாயமான பேச்சு என்று ஏற்று, எங்கள் சிலம்பில் இருப்பவை முத்து என்று தானே சொல்கிறான். தன்னை வீழ்த்தக்கூடிய சாட்சியத்தைத் தானே வரவழைக்கிறான். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. தானே கள்வன் என்று சொல்லி உயிரை விடுகிறான்.

கேள்வி கேட்காத மன்னனும், கேட்டுத் தெரிந்துகொண்ட மன்னனும் ஒரே ஆள்தான்.

வழக்கு 2: ஏதென்ஸ் நீதிமன்ற வாசல்

கிரேக்கத் தத்துவ அறிஞர் சாக்ரடீஸ் எதையும் எழுதி வைக்கவில்லை. அவரது மாணவர் பிளேட்டோ, அவரை மையமாக வைத்துத் தத்துவத்தை உரையாடல்களாகவே எழுதினார்.

அதில் ஒன்று 'யூதிஃப்ரோ'. கி.மு. 399-ல் தெய்வ நிந்தனை வழக்கைச் சந்திக்க வந்த சாக்ரடீஸ், நீதிமன்ற வாசலில் யூதிஃப்ரோவைப் பார்க்கிறார். அவர் வந்திருப்பது பெற்ற தகப்பன் மீதே கொலை வழக்குப் போட! ஒரு கூலியாளைக் கட்டிப்போட்டுச் சாகவிட்டார் என்பது தகப்பன் மீதான குற்றச்சாட்டு. இது தெய்வத்துக்கு உகந்த செயல்தான், எனக்கு எல்லாம் தெரியும் என்கிறார் யூதிஃப்ரோ.

அப்படியா, தெய்வத்துக்கு உகந்தது என்றால் என்னவென்று எனக்கும் சொல்லுங்களேன் என்கிறார் சாக்ரடீஸ். தெய்வங்களுக்குப் பிடித்ததே அது என்று பதில் வருகிறது. தெய்வங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டே என்றால், எல்லாத் தெய்வங்களுக்கும் பிடித்தது என்று மாற்றுகிறார். அடுத்து வருகிறது அந்தப் புகழ்பெற்ற கேள்வி. தெய்வங்கள் விரும்புவதால் ஒரு செயல் நல்லதாகிறதா, அல்லது நல்லது என்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா?

சுற்றிச் சுற்றி வந்தும் பதில் கிடைக்கவில்லை. அவசர வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுகிறார் யூதிஃப்ரோ. ஒரே பேச்சில் இரண்டு வேலை முடிந்துவிட்டது. தெரியாததைத் தெரிந்ததாக நினைக்கும் மனிதர் ஒருவர் அம்பலமாகிறார். அந்தக் கேள்வி படிப்பவர் தலையில் ஏறிக்கொள்கிறது.

இப்படிக் கேள்வி கேட்டே ஊரில் பகையைச் சம்பாதித்த சாக்ரடீசுக்குக் கிடைத்தது மரண தண்டனை.

வழக்கு 3: 'பராசக்தி' கூண்டு

1952 அக்டோபர் 17, தீபாவளி ரிலீஸ். இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு, வசனம் மு. கருணாநிதி, ஹீரோவாக அறிமுகம் சிவாஜி கணேசன். கோயிலில் தன் தங்கையிடம் தவறாக நடக்க முயன்ற பூசாரியைத் தாக்கிய குணசேகரன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான்.

தப்பிக்க வழி தேடுவதற்குப் பதிலாக, குற்றத்துக்குக் காரணம் யார் என்று சமூகத்தையே விசாரிக்கத் தொடங்குகிறான். எதிரில் இருப்பது நீதிபதி. பேசுவதோ தியேட்டரில் இருக்கும் மக்களிடம். படத்தைத் தடை செய்யச் சொல்லியும் குரல்கள் எழுந்தன. அந்த வசனத்தை மனப்பாடம் செய்து மேடைகளில் பேசிக் காட்டிய தலைமுறையும் உண்டு.

இந்த பாணிக்கு ஒரு பலவீனமும் இருக்கு. கருத்து ஓங்கும்போது, பேசும் ஆளைவிட எழுதியவரின் குரல் பெரிதாகக் கேட்கும். பின்னால் வந்த இயக்குநர் மகேந்திரன் வசனத்தைக் குறைத்து, மௌனத்துக்கு இடம் கொடுத்தார். 'முள்ளும் மலரும்' (1978) அதற்கு நல்ல உதாரணம். இத்தனைக்கும் 'தங்கப்பதக்கம்' படத்தின் அனல் பறக்கும் வசனங்களை எழுதியதும் அவர்தான்!

வழக்கு 4: பூட்டிய அறையில் 12 பேர்

1957-ல் சிட்னி லூமெட் இயக்கிய '12 ஆங்ரி மென்' கிட்டத்தட்ட முழுக்க ஒரே அறையில் நடக்கிறது. தகப்பனைக் கத்தியால் குத்திக் கொன்றதாக 18 வயதுப் பையன் மீது வழக்கு. தீர்ப்பு சொல்ல வேண்டியவர்கள், பொதுமக்களில் இருந்து வந்த 12 ஜூரிகள். அந்த அறைக்குள் யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். ஆனாலும் படம் முடியும்போது ஒவ்வொருவரையும் நமக்குத் தெரிந்திருக்கும். பேச்சு மட்டுமே அவர்களின் அடையாளம்.

முதல் வாக்கெடுப்பில் 11 பேர் 'குற்றவாளி' என்கிறார்கள். 8-ம் நம்பர் மட்டும் மறுக்கிறார். பையன் நிரபராதி என்று அவரும் சொல்லவில்லை. ஒரு உயிரை அனுப்பும் முன் கொஞ்சம் பேசலாமே என்கிறார், அவ்வளவுதான்.

கொன்றுவிடுவேன் என்று பையன் கத்தியதே ஆதாரம் என்று அடம்பிடிக்கிறார் 3-ம் நம்பர். பிறகு வாக்குவாதம் முற்ற, அவரே 8-ம் நம்பரைப் பார்த்து அதே மிரட்டலைக் கத்துகிறார். நிஜமாகவே கொல்லும் எண்ணத்தில் சொன்னீர்களா என்று அமைதியாகக் கேட்கிறார் 8-ம் நம்பர். அறையே உறைகிறது. அவர் வாயாலேயே அவர் வாதம் உடைகிறது. பிரிந்துபோன மகன் மீதான கோபம்தான் அவரைப் பேச வைக்கிறது என்பதும் மெல்லத் தெரிய வருகிறது.

அடுத்த முறை கவனிக்க வேண்டியவை

* கேள்வி கேட்பது யார்? உத்தரவு மட்டும் போடுவது யார்?
* எதிராளியின் பதில் காதில் விழுகிறதா? அதற்குப் பின் அவர் பேச்சு மாறுகிறதா?
* பெயரை மறைத்துவிட்டு வசனத்தை மட்டும் படித்தால், பேசியவர் யார் என்று சொல்ல முடியுமா?
* எந்தக் கேள்விக்குப் பதில் வராமல் பேச்சு திசை மாறுகிறது?

இதெல்லாம் சினிமாவுக்கு மட்டுமில்லை. டிவி விவாதம், பஞ்சாயத்து, வீட்டுச் சண்டை வரைக்கும் பொருந்தும். அமெரிக்க ஜூரி அறையில் ஒருவர் பேசலாம் என்று சொன்னதால், தூக்கி எறியப்படவிருந்த வழக்கு திரும்பவும் மேசைக்கு வந்தது. மதுரையில் மன்னன் கோவலனைக் கூப்பிட்டு, இந்தச் சிலம்பு யாருடையது என்று கேட்டிருந்தாலே போதும்.